சம்பந்தியின் காருக்கு ஒரு வால்வு

மார்ச் 4

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமல்ல. எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமலிருக்க, முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. இந்த வேலைக்கு நான் தகுதியானவனா என்பது.
2. கட்-அவுட்டை எங்கே பொருத்துவது.
3. கிளைக் குழாயின் சாய்வு.
4. பழுதானால் வால்வு எந்த நிலையில் நிற்க வேண்டும்.
5. எனக்குப் புரியாத ஒன்று.
6. என் மருமகளிடம், அதாவது உங்கள் மகளிடம், சொல்வதா வேண்டாமா.

ஒன்று. நான் கொதிகலன் தொழிற்சாலையில் புகைவழிகளை வரைந்து ஓய்வு பெற்றவன். கார் ஓட்டத் தெரியாது. நீங்களோ ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தி ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். மலைப்பாதைப் பந்தயங்களில் கோப்பை வாங்கியவர். உங்கள் பந்தயக் காருக்கு நான் வரைந்து தருவதாவது? கட்-அவுட் என்று படித்ததும் கடைவாசலில் நிறுத்தும் அட்டை மனிதர்தான் என் நினைவுக்கு வந்தார். பிறகு நூலகத்தில் தேடிப் பார்த்தேன். சைலன்சருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து ஒரு கிளை. அந்தக் கிளையில் ஒரு வால்வு. மூடியிருந்தால் புகை சைலன்சர் வழியாக அடக்கமாகப் போகும். திறந்தால் நேரே வெளியே வந்து தெருவை எழுப்பும். குடியிருப்புக்குள் மூடிவைக்கவும் மலையில் திறந்துவிடவும் உங்களுக்கு இது வேண்டும். இப்படித்தான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன். தவறென்றால் இத்துடன் படிப்பதை நிறுத்திவிடலாம்.

இரண்டு. நீங்கள் அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்தால் முன் இருக்கைகளுக்கு அடியில்தான் இடம் இருப்பதுபோலத் தெரிகிறது. வேறு இடம் இருக்கலாம். பெட்ரோல் குழாயும் பிரேக் ஹோஸும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று. கிளை செங்குத்தாகப் பிரியக் கூடாது. ஓடையிலிருந்து வாய்க்கால் பிரிவதுபோல, போகிற போக்கிலேயே விலக வேண்டும். முப்பது பாகை போதும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம்.

நான்கு. இதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. கேபிளை இழுத்தால் வால்வு மூட வேண்டும். விட்டால் ஸ்பிரிங் அதைத் திறக்க வேண்டும். கேபிள் அறுந்தாலும் வால்வு திறந்தே நிற்கும். புகைவழி அடைபட்டால் ஆபத்து. திறந்து கிடந்தால் சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தமே பழுதை அறிவித்துவிடும். எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித்தரும் விதி இது.

ஐந்து. திறந்துவிடுவதால் இன்ஜினுக்குக் கிடைக்கும் பலம் கொஞ்சம்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சத்தம் எதற்கு? என் பணிக்காலம் முழுவதும் சத்தத்தைக் குறைப்பதற்கே செலவானது. அதை விரும்பிக் கேட்கும் ஒருவரை இப்போதுதான் சந்திக்கிறேன். குறை சொல்லவில்லை. தெரிந்துகொள்ள ஆசை.

ஆறு. குடியிருப்புக்காரர்கள் புகார் செய்த பிறகு, “சைலன்சர் மாட்டுங்க, இல்லைன்னா காரை வித்துடுங்க” என்று மருமகள் உங்களிடம் கண்டிப்பாகச் சொன்னது எனக்குத் தெரியும். நானும் அவளும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் கேட்காதவரை நான் சொல்லமாட்டேன். கேட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம். இப்போதெல்லாம் நீங்கள் எடுப்பதில்லை.

அன்புடன்,
சம்பந்தி

---

மார்ச் 9

சம்பந்தி,

படிச்சேன். முதல் பக்கம் பூரா உங்களால முடியாதுன்னு எழுதிட்டு, அடுத்த பக்கத்துல முடிச்சே காட்டிட்டீங்க. பொண்ணு பேச வந்தப்பவும் இதே கதைதான். “எங்க பையன் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லைங்க”ன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருத்தர் சொல்லி நான் கேட்டது உங்ககிட்டதான். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த வீட்டுக்குத்தான் பொண்ணைக் குடுக்கறதுன்னு.

சத்தம் எதுக்குன்னு கேட்டீங்க. மலை ஏறுறப்ப மீட்டரைப் பார்க்க நேரம் ஏது? கண்ணு வளைவுல இருக்கும். எப்ப கியர் மாத்தணும்னு இன்ஜின்தான் சொல்லும். சைலன்சர் போட்டதுலேர்ந்து போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு பேசற மாதிரி இருக்கு. போன மாசம் பழகப் போனேன். இன்ஜின் அலறுதா சும்மா சுத்துதான்னே தெரியாம மிதிச்சுக்கிட்டே இருந்திருக்கேன். கூட வந்த மெக்கானிக் கையைப் பிடிச்சு இழுத்தான். எனக்கு அது முதுகெலும்புல வந்து இறங்கணும் சம்பந்தி. அப்பதான் ஓட்ட முடியும்.

மே கடைசில பந்தயம். அடுத்த வருஷத்துலேர்ந்து எழுபதுக்கு மேல யாரும் ஓட்டக் கூடாதுன்னு விதி கொண்டு வர்றாங்க. அப்ப இதுதான் எனக்குக் கடைசி. உங்க ரெண்டு, மூணு, நாலு, ஆறு எல்லாம் சம்மதம். படத்தை அனுப்புங்க.

போன் விஷயம். போன்ல பேசினா வளவளன்னு போகும், ஒண்ணும் உருப்படாது. எழுதுங்க. உங்களுக்கும் அதுதானே பிடிக்கும்.

---

மார்ச் 18

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வரைபடம் இத்துடன் இருக்கிறது. குறிப்புகள் அதிகமாகிவிட்டன, மன்னிக்கவும். முக்கியமானவை: வால்வின் வட்டத்தகடு குழாயை இறுகக் கவ்வக் கூடாது. சூட்டில் எஃகு வளரும். இறுக்கமாகச் செய்தால் முதல் ஏற்றத்திலேயே சிக்கிக்கொள்ளும். ஸ்பிரிங்கைக் குழாயிலிருந்து தள்ளி வெளியே வையுங்கள். கேபிள் முனையில் இரண்டு நட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒன்று போதாது, அதிர்வில் கழன்றுவிடும்.

உங்கள் முதுகெலும்பு என்னை விடவில்லை. ஏன் காது என்று எழுதாமல் முதுகு என்று எழுதினீர்கள்? சத்தம் காதில் விழும்போது முதுகுக்கு என்ன வேலை? யோசித்துக்கொண்டே சமையலறைக்குப் போய், காதில் பஞ்சை அடைத்து, மிக்சியின் மேல் கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, எந்த வேகத்தில் ஓடுகிறது என்று சொல்ல முடிகிறதா என்று பார்த்தேன். ஓரளவு முடிகிறது. கண்ணைத் திறந்தபோது மருமகள் மிக்சியை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

“மாமா, என்ன பண்றீங்க?”

“ஒரு பரிசோதனை.”

“மிக்சிக்கா, உங்களுக்கா?”

பஞ்சை எடுத்தேன். அவள் மேசையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தாள். “இது என்ன?”

“ஒரு குழாய்.”

அது பொய்யல்ல. ஆனால் பொய் சொன்னவனைப் பார்ப்பதுபோலத்தான் என்னைப் பார்த்துவிட்டு மிக்சியைத் துடைக்கப் போனாள்.

வரைபடத்தின் மூலையில் பெயர் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். பணியில் இருந்தபோதும் ‘வரைந்தவர்’ என்ற இடத்தில்தான் என் பெயர் இருக்கும். ‘பொறுப்பாளர்’ என்ற இடத்தில் வேறொருவர் கையெழுத்திடுவார். இப்போது அந்த வேறொருவர் யார் என்று தெரியவில்லை.

அன்புடன்,
சம்பந்தி

---

ஏப்ரல் 11

சம்பந்தி,

மாட்டியாச்சு. வெல்டர் உங்க படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, “யாரு சார் இவரு, ஒரு குழாய்க்கு இத்தனை அறிவுரை? கல்யாணமான பொண்ணுக்குக்கூட இவ்வளவு சொல்லி அனுப்பமாட்டாங்க”ன்னான். எங்க சம்பந்திடா, வாயை மூடிட்டு வேலையைப் பாருன்னேன். வேலை முடிஞ்சதும் அவனே ஒரு பிரதி எடுத்துக்கிட்டான்.

ஹேண்ட்பிரேக் பக்கத்துல ஒரு சின்ன லீவர். மேல இழுத்துப் பூட்டினா மூடும். இறக்கினா திறக்கும். நேத்து மலைப்பாதைக்குப் போய் இறக்கினேன். என்னன்னு சொல்றது. தொடையில, வயித்துல, பல்லுல, கடைசில முதுகுல. மூணாவது கியர்ல ஒரு மாதிரி, நாலாவதுல வேற மாதிரி. கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவேன். பயப்படாதீங்க, மூடல. மெக்கானிக் காதைப் பொத்திக்கிட்டு ஓரமா நின்னான். ஒரு கியர்கூட தப்பல.

ஊருக்குள்ள வர்றப்ப லீவரைத் தூக்கிப் பூட்டிட்டு, பூனை மாதிரி வீட்டுக்கு வந்துட்டேன். வாட்ச்மேன் தலைகூட நிமிரல.

மக அடுத்த வாரம் வர்றா. வரட்டும். சைலன்சர் மாட்டியிருக்குன்னு குனிஞ்சு காட்டுவேன்.

---

ஏப்ரல் 15

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். தொடை முதலில், முதுகு கடைசியில் என்கிறீர்கள். இந்த வரிசை எப்போதும் இப்படித்தானா, இல்லை இன்ஜினின் வேகத்தைப் பொறுத்து மாறுமா? சிரமமில்லாவிட்டால் ஒருமுறை கவனித்து எழுதுங்கள். எதற்கு என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

மருமகள் வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறாள். பெட்டி அடுக்கும்போது மறுபடி கேட்டாள்: “அந்தக் குழாய் எதுக்கு மாமா?” “புகை போவதற்கு” என்றேன். சிரிக்கவில்லை.

---

ஏப்ரல் 24

சம்பந்தி,

இதை எழுதறதுக்கு ரெண்டு நாள் ஆச்சு. கிழிக்கிற வியாதி எனக்கும் வந்துடுச்சு.

கொஞ்ச நாளாவே வண்டியில போயிட்டு வந்தா தலைவலி. குமட்டல். வயசுன்னு நினைச்சேன், கண்ணாடி மாத்தணும்னு நினைச்சேன். ஸ்டேஷனுக்கு மகளைக் கூப்பிடப் போனப்பவும் அப்படித்தான் இருந்தது.

ஏறி உட்கார்ந்ததும் என் முகத்தையே பார்த்தா. கொஞ்ச தூரம் போய் சிக்னல்ல நின்னோம். பக்கத்து வண்டிக்காரங்க, பஸ்ல இருக்கறவங்க எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க. அழகான காரு, பார்க்கத்தான் செய்வாங்கன்னு இருந்தேன். அவ என் தோளைத் தட்டினா.

“அப்பா, என்ன இது, இப்படிக் கத்துது?”

உதட்டை வெச்சுப் புரிஞ்சுக்கிட்டேன். “என்ன கத்துது? சைலன்சர் இருக்கு. எல்லாம் மூடித்தான் இருக்கு”ன்னு லீவரைக் காட்டினேன். பூட்டித்தான் இருந்தது.

அவ அப்படியே என்னைப் பார்த்தா. அப்புறம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டு ஏதோ சொல்லியிருக்கா. நான் பதில் சொல்லல. திரும்பி என் முகத்துக்கு நேரா, மெதுவா, “உங்களுக்குக் காது கேக்கலையா?”ன்னா.

ஓரமா நிறுத்தச் சொன்னா. இறங்கி நின்னதும் எனக்குக் கால் தள்ளாடிச்சு. அவளுக்கும் தலை கிறுகிறுன்னுதுன்னா. அந்தக் கொஞ்ச நேரத்துக்கே. குனிஞ்சு பார்த்தா வால்வு திறந்து கிடக்கு. கேபிள் முனை கழன்று தொங்குது. லீவர் பாட்டுக்கு மேல பூட்டிக்கிட்டு இருக்கு, நல்ல பிள்ளை மாதிரி. எத்தனை நாளா அப்படி இருந்ததோ. குடியிருப்புல யாராவது கத்தியிருந்தாலும் எனக்கு விழுந்திருக்காது. புகை நேரா சீட்டுக்கு அடியில வந்து, தரையில இருக்கற சந்து வழியா உள்ள ஏறியிருக்கு. ஊருக்குள்ள மெதுவாப் போறப்ப முதுகுலயும் ஒண்ணும் தெரியறதில்ல. மிதிச்சாத்தான் தெரியும்.

ஆமா சம்பந்தி. வலது காது போயி ரெண்டு வருஷம். இடதும் பாதிதான். அதனாலதான் போன் வேணாம்னேன். தெரிஞ்சா காரை வித்துடுவான்னு யாருக்கும் சொல்லல. உங்களுக்கும் சொல்லல. கோவிச்சுக்காதீங்க.

சாவி இப்ப அவகிட்ட.

---

ஏப்ரல் 26

சம்பந்தி அவர்களுக்கு,

காரை யாரும் தொட வேண்டாம். நகர்த்துவதற்காகக்கூட இன்ஜினைப் போடாதீர்கள். இன்றே மருத்துவரிடம் போய், புகை சுவாசித்த விவரம் முழுவதையும் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருமகளும் அங்கேயே செய்துகொள்ளட்டும். அவளிடம் நான் போனில் சொன்னேன், சரி என்றாள்.

கேபிள் முனையில் எத்தனை நட்டு இருந்தது? பழி போடுவதற்காகக் கேட்கவில்லை. தெரிய வேண்டும்.

கோபமில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மிக்சியைப் பிடித்து நின்றவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

---

மே 6

சம்பந்தி,

ரத்தம் சுத்தமாயிடுச்சாம். ரெண்டு பேருக்கும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்னு டாக்டர் என்னைத் திட்டினார். நல்லவேளை, பாதி கேக்கல.

அப்புறம் மக என்னைக் காது டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா. மெஷின் மாட்டிவிட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் வெளியே நின்னு, அவளை ஒரு நிமிஷம் இன்ஜினைப் போடச் சொல்லிக் கேட்டேன். (நீங்க வேணாம்னது தெரியும். கதவெல்லாம் திறந்துதான் இருந்தது.) சம்பந்தி, தகர டப்பாவுல ஆணியைப் போட்டுக் குலுக்கற மாதிரி இருக்கு. இதுவா என் காருன்னு ஆயிடுச்சு. மெஷினைக் கழட்டி பாக்கெட்ல போட்டுட்டேன். அவ திரும்ப எடுத்து மாட்டிவிட்டா. இப்படியே சாயங்காலம் வரைக்கும் போச்சு.

இப்ப முக்கியமான விஷயம். கவனமாப் படிங்க. ஒரு நட்டுதான் போட்டிருந்தேன். ரெண்டாவது நட்டு வெல்டர்கிட்ட இல்ல, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு நான்தான் சொன்னேன். அப்ப தப்பு என்னோடது. மககிட்டயும் சொல்லிட்டேன். அவ சொன்னது இது: “படம் சரியா இருந்து, நீங்க மாட்டினதுதான் தப்புன்னா, சரியா மாட்டிக்கலாம். காது மெஷினோட இந்த ஒரு பந்தயம் ஓட்டிக்குங்க. படமே தப்புன்னா இந்த வண்டி வேணாம்பா.” சாவியைக் கைப்பையில போட்டுக்கிட்டு உங்க வீட்டுக்குக் கிளம்பிட்டா. உங்ககிட்ட கேப்பா.

நட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது பொய்யும் இல்ல. மத்ததை உங்க வழக்கப்படி நீட்டி முழக்காதீங்க. பந்தயத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்னு எழுதமாட்டேன். எழுதினா நீங்க பயந்துடுவீங்க.

---

மே 12

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் கேட்டுக்கொண்டதை நான் செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரிசைப்படுத்தினால் கடைசியில் தள்ளிவிடுவேன்.

மருமகள் வந்த அன்று ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

“மாமா, அப்பா நட்டுன்னு சொல்றாரு. நட்டுதானா?”

“ஒரு நட்டுதான் போட்டிருக்கிறார். நான் இரண்டு என்று எழுதியிருந்தேன்.”

“அப்ப உங்க மேல தப்பில்ல.”

அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. நான் அதைக் கேட்டேன். அத்துடன் நிறுத்தியிருந்தால் நீங்கள் இந்நேரம் மலைப்பாதையில் இருப்பீர்கள். நான் அறைக்குள் போய் வரைபடத்தின் பிரதியை எடுத்து, கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, வெளியே வந்து அவள் முன் விரித்தேன்.

“இரண்டு நட்டு போட்டிருந்தாலும் கேபிள் ஒருநாள் அறும்” என்றேன். “கேபிள் என்றால் அறும். அறுந்தால் இந்த வால்வு திறந்துகொள்ளும். அப்படித்தான் வரைந்தேன். வேண்டுமென்றே.”

“ஏன்?”

சொல்லத் தொடங்கினேன். புகைவழி அடைபடக் கூடாது, பழுது தன்னைத்தானே அறிவிக்க வேண்டும் என்று. சொல்லும்போதே பாதியில் நின்றேன். கொதிகலனை இயக்குபவர் அதற்கு வெளியே நிற்கிறார். நீங்கள் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த வித்தியாசம், இத்தனை குறிப்புகள் எழுதியவனுக்கு, ஒரு வாய்க்காலின் சாய்வைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டவனுக்கு, தோன்றவே இல்லை. தொழிற்சாலையிலிருந்து அந்த விதியை அப்படியே எடுத்துவந்து உங்கள் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

உங்கள் காது சரியாக இருந்திருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதையும் யோசித்தேன். சத்தம் சத்தத்தைத்தான் அறிவிக்கும். புகைக்குச் சத்தமில்லை. நல்ல காது உள்ளவர்கூட, நெரிசலில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அதே இருக்கையில் உட்கார்ந்திருப்பார்.

மருமகள் வரைபடத்தை மடித்து என்னிடம் கொடுத்தாள். “இந்த மாசப் பந்தயம் இல்ல மாமா” என்றாள். “நானே அப்பாவுக்கு எழுதறேன்.” நான் எழுதுகிறேன் என்றேன். பிறகு, “மூடி நிக்கற மாதிரி வரைய முடியுமா?” என்று கேட்டாள். முடியும் என்றேன். “வரைங்க. விக்கறதா வேணாமாங்கறதை அதைப் பார்த்துட்டுச் சொல்றேன். சும்மா தெருவுல ஓட்டறதுக்காவது இருக்கட்டுமான்னு பார்க்கலாம்.” துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆக, உங்கள் கடைசிப் பந்தயம் என்னால் போயிற்று. நேரில் வந்து திட்ட வேண்டுமென்றால் வாருங்கள். மெஷினைக் கழற்றிவிட்டே திட்டலாம். நான் பதில் பேசமாட்டேன்.

புதிய வரைபடம் பாதி முடிந்திருக்கிறது. கிளை பின்சக்கரத்தைத் தாண்டித்தான் திறக்கும். ஸ்பிரிங் வால்வை மூடிவைக்கும். கேபிளை இழுத்தால் மட்டும் திறக்கும். உங்கள் கண்முன் ஒரு சிறு விளக்கு இருக்கும். அதை எரியவைப்பது லீவர் அல்ல, வால்வின் தகடே. கை செய்ததை அல்ல, தகடு நிற்கும் நிலையைத்தான் அது காட்டும். மூலையில் இருக்கும் ‘பொறுப்பாளர்’ கட்டத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.

தகர டப்பா என்று எழுதியிருந்தீர்களே, மெஷின் மாட்டுவதற்கு முன் உங்களுக்குள் அது எப்படிக் கேட்டது? உங்களுக்கு என்மேல் கோபம் தணிந்த பிறகு எழுதினால் போதும்.

மார்ச் 4 கடிதத்தில் உள்ள மற்றவற்றைப் பற்றி எனக்கு இன்னும் உறுதியில்லை. முப்பது பாகை சரியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான்காவது தவறு. சந்தேகமில்லை என்று எழுதியது அது ஒன்றைத்தான்.

அன்புடன்,
சம்பந்தி